வம்சாவளியும் பல்வரிசையும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை வலம் வருவோர், அங்குள்ள சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளோடு, மராத்தி மொழியில் அமைந்த மிக நீண்ட கல்வெட்டு ஒன்றையும் காண்பர். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் 1803ஆம் ஆண்டில் அதனைப் பொறிக்கச் செய்தார். போன்சலே குலத்தின் வரலாறு தலைமுறை தலைமுறையாக அதில் கூறப்பட்டுள்ளது. தம் குலம் எங்கிருந்து வந்தது, எவர் வழியாக வந்தது என்று அறிய விரும்புதல் மனிதர்க்கு இயல்பு.

அம்மன்னர் மருத்துவத்திலும் பேரார்வம் கொண்டவர். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் நம் நாட்டு மருத்துவமும் மேலைநாட்டு மருத்துவமும் ஒருங்கே ஆராயப்பட்டன. கண்ணோயுற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் நோய் வரலாறுகள், கண்களின் வண்ண ஓவியங்களோடு எழுதிவைக்கப்பட்டன. அவ்வேடுகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. குலவரலாறு ஒன்று, நோய்வரலாறு மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுசேரும் துறையே மரபுவழி நோய்களைப் பற்றிய கல்வி. அந்நோய்களுள் வாயிலும் பல்லிலும் தோன்றுவன பல.

பல் மருத்துவம் பயில்வோர்க்கு நான்கு ஆண்டுப் பாடமும் ஓர் ஆண்டுப் பயிற்சியும் உண்டு. சென்னையில் 1953இல் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. காவிரி நாட்டின் வடவெல்லையில், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1980இல் மற்றொரு கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அஞ்சுகின்ற பாடப்பகுதிகளுள் மரபுவழி வாய்நோய்களும் ஒன்று. நோய்களின் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்கச் சொற்களால் ஆனவை. அவற்றைக் கண்டவரின் பெயர் தாங்கியவையும் உண்டு. அவற்றை நெட்டுருச் செய்து தேர்வறைக்குச் செல்வோர், தேர்வாளர் ஒரு படத்தைக் காட்டி, “இஃது எவ்வாறு வந்தது?” என்று வினவியவுடன் திகைத்து நிற்பர். பெயரை மனப்பாடம் செய்யலாம். காரணத்தை அறிந்துகொள்ளவே வேண்டும்.

காரணத்தை அறிய மூன்று வினாக்கள் துணைசெய்யும். பல்லின் எப்பகுதி பழுதுற்றது? குடும்பத்தில் எவரெவர்க்கு அப்பழுது உண்டு? உடலின் வேறு உறுப்பு எதிலேனும் அதன் சுவடு காணப்படுகிறதா? இம்மூன்றையும் வரிசையாகக் கேட்டால், அஞ்சத்தக்க பெயர்கள் பலவும் தாமே விளங்கும்.

மரபின் இயல்பை உணர்வதற்கு நெல்வயலைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கிச்சிலிச் சம்பா விதைத்த வயலில் கிச்சிலிச் சம்பாவே விளைகிறது. தஞ்சை மாவட்டத்து ஆடுதுறையில் 1922இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இருவகை நெல்லின் பண்புகளை ஒன்றாக்கிப் புதுவகை படைக்கும் பணி நடைபெற்று வந்துள்ளது. சப்பானிய நெல் வகை ஒன்றை நம் நாட்டு நெல்லோடு கலந்து பெற்ற ஆடுதுறை 27, 1960களில் காவிரி நாடெங்கும் பரவியது. ஒவ்வொரு பண்பையும் தாய்ச்செடி ஒரு கூறாகவும், தந்தைச்செடி ஒரு கூறாகவும் வழங்குகின்றன. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த மெண்டல் என்னும் துறவி இவ்வுண்மையை 1866இல் வெளியிட்டார். உலகம் அதன் அருமையை 1900ஆம் ஆண்டிலேயே உணர்ந்தது. அக்கூறுகளே இன்று மரபணுக்கள் எனப்படுகின்றன. மனித உடலின் உயிரணுக்களில் அவை 23 இணை நிறப்புரிகளில் வரிசையாக அமைந்துள்ளன.

இனிப் பற்களைக் காண்போர், முதல் வினாவைக் கேட்கலாம். பல்லின் மேற்பூச்சாக இருப்பது எனாமல். உடலில் அதனினும் கடினமான பொருள் இல்லை. அதன் உள்ளே பல்லின் பெரும்பகுதியாக இருப்பது பற்றிசு. எனாமலை உண்டாக்கும் மரபணுவில் பிழை நேர்ந்தால், பூச்சு மெலிந்தோ மென்மையுற்றோ போகிறது. பற்கள் மஞ்சளாகி விரைவில் தேய்கின்றன. பற்றிசுவில் பிழை நேர்ந்தாலோ, எனாமல் நன்றாக இருப்பினும் நிலைப்பதில்லை. சுவர் வலுவிழந்தால் அதன்மேல் பூசிய சுண்ணச்சாந்து பெயர்ந்து விழுவது போல, எனாமல் சிதறிவிடுகிறது. பற்கள் நீலமும் பழுப்பும் கலந்து, ஒளி ஊடுருவுவன போலத் தோன்றுகின்றன. இந்நோய் ஓங்கு மரபினது; பெற்றோருள் ஒருவரிடம் இருப்பினும், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆகவே தலைமுறை தவறாமல் அது காணப்படும்.

வேறு சில நோய்கள் ஒடுங்கு மரபின. 1924இல் பபியோன், லெபேவர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் விளக்கிய நோய் அவற்றுள் ஒன்று. இந்நோயுற்ற குழந்தைக்குப் பாற்பற்கள் நன்றாகவே முளைக்கின்றன. ஆனால் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, நான்கைந்து வயதிற்குள் அவை உதிர்ந்துவிடுகின்றன. பின்னர் வரும் நிலைப்பற்களும், தக்க மருத்துவம் செய்யாவிடில், இளமையிலேயே உதிர்கின்றன. இங்கு மூன்றாம் வினா பயன்படுகிறது. அக்குழந்தையின் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் தடித்து வெடித்திருக்கும். பல்லை மட்டும் பார்த்தவர் நோயை அறியார். கையைப் பிடித்துப் பார்த்தவர் அறிவார்.

இரண்டாம் வினாவிற்கு விடை காணவே வம்சாவளி வரையப்படுகிறது. ஆணைச் சதுரத்தாலும் பெண்ணை வட்டத்தாலும் குறிப்பர். நோயுற்றோரின் குறியைக் கருமையாக்குவர். கணவன் மனைவியரை ஒரு கோட்டால் இணைத்து, மக்களை அடுத்த வரிசையில் எழுதுவர். இவ்வம்சாவளிக்கும், பழைய குடும்ப ஏடுகளில் காணப்படும் வம்சாவளிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பழைய ஏடுகள் பலவற்றில் தந்தை, மகன், பேரன் என ஆண்வழியே தொடர்ந்து செல்லும். மணமாகி வேறு இல்லம் சென்ற பெண்ணின் வழி அத்துடன் நின்றுவிடும். மருத்துவரின் வம்சாவளியிலோ பெண்களின் வழியை விட்டுவிட்டால் உண்மையே மறைந்துவிடும். இதற்குச் சான்றாக விளங்குவது சிந்து நாட்டுக் குடும்பம் ஒன்றின் வரலாறு.

உயிர்களின் பரிணாமத்தை ஆராய்ந்த சார்லசு டார்வின், வீட்டு விலங்குகளும் பயிர்களும் வேறுபடுதலைப் பற்றிய தம் நூலின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குடும்பத்தைக் குறிப்பிட்டார். நான்கு தலைமுறைகளில் 10 ஆடவர், மேல்தாடை கீழ்த்தாடை இரண்டிலும் சேர்த்து, வலுவற்ற நான்கு சிறு வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப் பற்களுமே பெற்றிருந்தனர். அவர்கள் உடலில் உரோமம் மிகக் குறைவு. தலை விரைவில் வழுக்கையாயிற்று. கோடைக்காலத்தில் தோல் மிக வறண்டு அவர்கள் பெரிதும் துன்புற்றனர். அக்குடும்பத்துப் பெண்மக்கள் எவரையும் இக்குறை தாக்கவில்லை. ஆயினும் அப்பெண்மக்களின் புதல்வர்களிடம் அது மீண்டும் தோன்றியது. குறையுடைய தந்தையிடமிருந்து மகனுக்கு அது சென்றதே இல்லை. 1921இல் தாதானி என்னும் அறிஞர், சிந்து நாட்டு ஐதராபாத்தில் வாழ்ந்த இத்தகையோரைப் பற்றி மேலும் ஆராய்ந்து எழுதினார்.

டார்வின் காலத்தில் புதிராக இருந்த இதற்கு இன்று விடை கிடைத்துள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் எனப்படும் நிறப்புரிகள் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. நோய்க்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. 1996இல் ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டறிந்தனர். பெண்ணிடம் ஓர் எக்ஸ் பழுதுற்றாலும் மற்றொன்று பெரும்பாலும் காத்துக்கொள்ளும். மகனுக்கோ தாயிடமிருந்து வரும் எக்ஸ் ஒன்றே உண்டு; அது பழுதுற்றால் காப்பது வேறில்லை. தந்தை தன் மகனுக்கு ஒய் நிறப்புரியையே தருவதால், தந்தைவழியாக மகனுக்கு நோய் வாராது. ஆனால் அவன் பெண்மக்கள் அனைவரும் அதனைத் தாங்கிச் செல்வர். பேரனிடம் நோய் மீண்டும் வெளிப்படுவது இதனாலேயே. இத்தகைய பெண்களைக் கூர்ந்து நோக்கினால், கூம்பு வடிவான ஒரு பல்லோ, முளையாத ஒரு பல்லோ காணப்படுவதுண்டு.

பல்லுக்கும் உரோமத்துக்கும் வியர்வைக்கும் என்ன தொடர்பு? கருவில் மேற்படலம் என்னும் ஓர் அடுக்கிலிருந்தே தோல், உரோமம், நகம், வியர்வைச் சுரப்பி, பல்லின் எனாமல் ஆகியன தோன்றுகின்றன. வேர் ஒன்றாயிருப்பதால் குறையும் ஒன்றாகவே வருகிறது. இந்நோயில் பல் இன்மை பெருந்துன்பமாயினும், வியர்வை இன்மையே உயிருக்கு இடையூறானது. மண்பானையில் நீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், அதன் புறத்தே கசியும் நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுசெல்வதே. பித்தளைக் குடத்தில் அது நிகழ்வதில்லை. வியர்வை சுரவாத உடலும் பித்தளைக் குடம் போன்றதே. சித்திரை வெயிலில் களத்துமேட்டில் விளையாடும் குழந்தைகளுள், அத்தகைய குழந்தை மட்டும் விரைவில் வெப்பமுற்று மயங்கி விழும். கைக்குழந்தையாயின் காரணம் புலப்படாத காய்ச்சல் அடிக்கடி வரும். பெற்றோர் மருந்து மேல் மருந்து கொடுத்தும் பயன் இராது. ஓராண்டு கடந்தும் பல் முளைக்கவில்லையே என்று குழந்தையைப் பல் மருத்துவரிடம் கொண்டுவரும் நாளில் உண்மை வெளிப்படலாம். பாடத்தை உணர்ந்து பயின்றவர் உடனே உரோமத்தையும் தோலையும் நோக்குவார். தாயின் உடன்பிறந்தாரைப் பற்றி வினவுவார். நிழலும், குடிநீரும், உடம்பின்மேல் நனைத்த துணியும் அக்குழந்தையின் உயிர்காக்கும் மருந்துகள் என்று எடுத்துரைப்பார். மூன்று நான்கு வயதிலேயே செயற்கைப் பல்வரிசை பொருத்தினால், குழந்தை நன்கு மெல்லவும், திருத்தமாகப் பேசவும், பிறரோடு கூச்சமின்றிச் சிரிக்கவும் இயலும். கருவில் இருக்கும்போதே பனிக்குட நீரில் குறைபட்ட புரதத்தைச் செலுத்தி, செருமானிய மருத்துவர் மூன்று ஆண்குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தனர் என்றும், பிறந்தபின் அக்குழந்தைகளுக்கு வியர்வை சுரந்தது என்றும் 2018இல் அறிவிக்கப்பட்டது.

குடும்பத்தில் பலருக்கு இருப்பன எல்லாம் மரபுவழி வந்தன அல்ல. தேர்வெழுதுவோர் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேதான். தருமபுரி, கிருட்டினகிரி, சேலம் மாவட்டங்களின் சில ஊர்களில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பற்கள் பழுப்பேறியிருக்கும். அதற்குக் காரணம் குருதி அன்று. கிணற்று நீரில் மிகுந்த புளோரைடு. இந்தியாவில் இந்நோய் பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் காணப்பட்டு, 1937இல் விளக்கமாக எழுதப்பட்டது. இதனைப் பிரித்தறிவது எளிது. உறவில்லாத அண்டைவீட்டுக் குழந்தைக்கும் அக்கறை இருக்கும். வேற்றூரில் வளர்ந்து, அங்கு மணமாகி வந்த மருமகளுக்கு இராது. கும்பகோணத்து வெற்றிலையைப் பாட்டி முதல் பேரன் வரை போட்டுக்கொள்ளும் வீட்டில் பற்கள் சிவந்து கறுத்திருப்பதும் பழக்கத்தின் விளைவே. புகையிலையும் பாக்கும் சேர்த்து மெல்வதால் வரும் வாய்ப்புற்றையும் விதியின்மேல் ஏற்றுதல் தகாது.

மூடநம்பிக்கைகளும் இங்கே புகுந்துள்ளன. குழந்தைக்கு மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் கூறுவர். பல்லோடு பிறந்த குழந்தையைத் தீக்குறியாகக் கருதுவோரும் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் குழந்தைகளுள் ஒன்று அவ்வாறு பிறக்கிறது. அது பெரும்பாலும் முந்தி முளைத்த பாற்பல்லே; வேறொரு பொருளும் அதற்கு இல்லை.

தமிழ்நாட்டில் அத்தை மகனையும் மாமன் மகளையும் மணத்தல் பழைய வழக்கம். தாய்மாமனே அக்காள் மகளை மணப்பதும் உண்டு. ஓங்கு மரபு நோய்களை இது மிகுவிப்பதில்லை. ஒடுங்கு மரபு நோய்களிலோ நிலை வேறு. அத்தை மக்களும் மாமன் மக்களும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டுள்ளனர். மறைந்திருக்கும் ஒரே பழுது இருவரிடமும் இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இவ்வகை மணத்தால் பிறந்த குழந்தைகளுள் மிகப்பலர் நலமாகவே உள்ளனர் என்பதும் உண்மை. ஆயினும் குடும்பத்தில் நோய் தோன்றியிருப்பின், மணம் பேசுமுன் மருத்துவரிடம் வம்சாவளியைக் காட்டி அறிவுரை பெறுதல் நன்று.

பல் இல்லாத பிள்ளையைப் பெற்றாள் என்று ஒரு தாயைப் பழிப்பது எளிது. ஆனால் தான் தாங்கிவந்ததை அவள் அறியாள். அவளுக்குத் தந்தவரும் அறியார். ஒடுங்கு மரபு நோய்களில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சமமே. பழி கூறுவோர் வாயை அடைக்க வல்லது வம்சாவளித் தாளில் முறையாக வரைந்த சதுரங்களும் வட்டங்களுமே. தேர்வுக்காகப் பயிலும் மாணவர் அத்தாளை நூறுமுறை வரைந்து பழகுகிறார். தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். பின்னர் ஒரு நாள், பொக்கை வாய்க் குழந்தையை இடுப்பில் ஏந்தி, தலைகுனிந்து ஒரு தாய் அவர்முன் வந்து நிற்பாள். அவளை அமரச் செய்து, “அம்மா, இதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை” என்று கூறி, அதன் காரணத்தையும் அவளுக்கு விளங்க உரைக்க அன்று அவரால் இயலும்.

பயிற்சி

1. பற்றிசு பழுதுற்றால் எனாமல் நிலைப்பதில்லை. ஏன்?
2. சிந்து நாட்டுக் குடும்பத்தில் நோய் ஒரு தலைமுறை விட்டுத் தோன்றியதன் காரணத்தை வம்சாவளி வரைந்து விளக்குக.
3. வியர்வை சுரவாத குழந்தையைக் கோடையில் எவ்வாறு காத்தல் வேண்டும்?
4. ஒரு குடும்பத்தில் பலருக்குப் பற்கறை இருப்பின், அது மரபால் வந்ததா, குடிநீரால் வந்ததா என எவ்வாறு அறியலாம்?
5. “மருத்துவரின் வம்சாவளியில் பெண்களின் வழியை விட்டுவிட்டால் உண்மையே மறைந்துவிடும்.” இக்கூற்றை ஆராய்ந்து ஒரு பத்தி எழுதுக.