எந்தச் சாமானை முதலில் ஏற்றுவது?

டுபாய்க்குச் சாமான் எடுக்கப் போகும் நம் வியாபாரிகள் அங்குள்ள மெட்ரோ ரயிலை அறிவார்கள். 2009 செப்டெம்பர் 9 இல் ஆரம்பமானது. சாரதி இல்லை, எல்லாம் கணினிதான். அதில் கோல்ட் வகுப்புக்கு இரட்டிப்புக் கட்டணம். ஆனால் கோல்ட்காரரும் சாதாரண வகுப்புக்காரரும் ஒரே நேரத்தில்தான் போய் இறங்குகிறார்கள். இரட்டிப்புக் காசு இருக்கைக்கு, நேரத்துக்கு அல்ல.

நேரத்தைப் பங்கிடுவது வேறு கணக்கு. அதைச் செய்யும் பழைய ஏற்பாடொன்று அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், மோர்கன்டவுன் என்ற பட்டணத்தில் இருக்கிறது. 1975 இல் பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கியது. 5 தரிப்பிடங்கள், சுமார் 14 கிலோமீற்றர் பாதை. ரப்பர் டயரில் ஓடும் சின்ன வண்டிகள், ஒன்றில் சுமார் 20 பேர் போகலாம். சாரதி கிடையாது.

சனம் கூடும் நேரத்தில், எந்தப் பாதைக்கு ஆள் அதிகம் என்பது முன்பே தெரியும். அதன்படி வண்டிகள் அட்டவணைக்கு ஓடும். மற்ற நேரத்தில் பயணி போகுமிடத்துக்கான பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே இடத்துக்குப் போக வழக்கமாக 15 பேர் சேர்ந்தால் வண்டி வரும். சேராவிட்டால்? 5 நிமிடம் கடந்ததும் நிற்பவர் ஒருவரானாலும் அவருக்காக வண்டி வந்துவிடும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் ஆள் குறைந்த பாதையில் நிற்பவர் பொழுது சாயும் வரை நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, தரிப்பிடங்கள் பிரதான பாதையில் இல்லை, பக்கப் பாதையில் இருக்கின்றன. ஆகவே ஒரு வண்டி நிற்பதால் பின்னால் நேரே போகும் வண்டி தாமதிப்பதில்லை.

இதை நான் படித்தது பிந்தித்தான். அதற்கு முன்பே பாடத்துக்கு விலை கொடுத்துவிட்டேன்.

எனக்குப் புறக்கோட்டையில் கொப்பி, காகிதாதி மொத்த வியாபாரம். லொறி ஒன்று. கண்டியிலுள்ள பெரிய கடைக்கே எப்போதும் முதலிடம். மாவனல்லையில் ஒரு சின்னக் கடைக்காரர் நாலைந்து பெட்டிதான் எடுப்பார். "லோட் சேரட்டும்" என்று வைத்துவிடுவோம். சில வருடங்களுக்கு முன் பாடசாலை தொடங்கும் காலத்தில் அவருடைய கொப்பிகள் அப்படியே கிடந்தன. பிறகு தொலைபேசியில் சொன்னார்:

"ஹாஜியார், உங்கட லொறி என்ட கடைக்கு முன்னாலதான் கண்டிக்குப் போகுது. மூணு தரம் கண்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாமான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வேறு கடையில் வாங்கி முடித்திருந்தார்கள். அவர் என் பாக்கியைச் சதம் விடாமல் கட்டினார். அதன் பிறகு ஓடர் வரவில்லை.

இப்போது ஓடர் புத்தகத்தில் தொகைக்குப் பக்கத்தில் திகதியும் எழுதுகிறோம். பெரிய ஓடர் முதலில் போகும், அதில் மாற்றமில்லை. ஆனால் எந்த ஓடரும் 4 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டும்போலிருந்தால் இரண்டு பெட்டியானாலும் அடுத்த ஓட்டத்தில் அதற்கே முதல் இடம். வழியில் இறக்குவதைக் கதவோரம் தனியாக அடுக்குகிறோம், கண்டி லோடைக் கலைக்காமல் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். லொறியில் இடமே இல்லாவிட்டால் வாடகை வாகனத்தில் அனுப்புகிறோம். அந்த ஓட்டத்தில் இலாபம் நிற்காது, சில வேளை கையைக் கடிக்கும். கணக்குப் பார்க்கும் என் மகன் மாதாமாதம் இதைச் சொல்லிக் காட்டுவார். 4 நாள் என்பதை 5 ஆக்கலாமா என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சரக்கைப் பொறுத்து அது மாறலாம், பழ வியாபாரிக்கு ஒரு நாளே அதிகம்.

கண்டிக் கடைக்காரர் ஒரு முறைதான் முறையிட்டார், அதுவும் அரை மணி நேரத் தாமதத்துக்கு. மாவனல்லைக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை.