மூடுபனி நாளில் ஓர் உபாயம்

கேள்வி: காரணம் தெரியாமலே மனம் சோர்ந்துபோகும் நாளில் செய்யக்கூடிய எளிய உபாயம் ஏதேனும் உண்டா? (வாசகர், ஹல்துமுல்லை)

பதில்: மூடுபனி சற்று விலகியதும் மலைச்சரிவு சட்டென்று தாழ்ந்து, தெற்கே உடவளவைப் பக்கத்துச் சமவெளி கண்ணுக்கு எட்டியமட்டும் விரிந்து கிடக்கும் ஊரில் வசித்துக்கொண்டு, லயத்துக் காம்பராவின் நான்கு சுவர்களையே வெறித்துப் பார்த்திருப்பது, மன்னிக்கவேண்டும், ஒருவகை ஊதாரித்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகையால் முதலில் வாசற்படியைத் தாண்டுங்கள். கால் மணி நேரம் நடந்து திரும்பியபின், இஞ்சி தட்டிப்போட்ட சாயத் தேத்தண்ணியைத் தனியே குடியாமல், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கோப்பை கொடுத்து, அவர் சொல்லும் பழங்கதையை, ஏற்கெனவே பத்துமுறை கேட்டதாயினும், சிரத்தையோடு கேளுங்கள்.

இது அன்றாடச் சஞ்சலத்துக்கான மருந்து மாத்திரமே. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது உற்றாரை இழந்தவர்களின் துக்கம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதற்குத் தேத்தண்ணியைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. உங்கள் சோர்வும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் கெடுக்குமானால், வைத்தியரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.