நோயாளர் கேட்கும் இசை: தேர்வு அவருடையதாகட்டும்

முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி, இடுப்புக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து மேற்கொள்ளும் அறுவை சிகிச்சைகளில், நோயாளர் பெரும்பாலும் விழித்தே இருப்பார். வலி தெரியாது, ஆனால் கருவிகள் தட்டில் வைக்கப்படும் ஓசையும், மானிட்டரின் ஒலியும், எங்கள் உரையாடலும் காதில் விழும். அந்நேரத்து அச்சத்தைத் தணிக்க மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்கள் பயன்படுத்தும் எளிய துணைகளுள் ஒன்று இசை. அண்மைக் காலமாகப் பல குடும்பத்தினர் கைப்பேசியில் 'தியான இசை' என்ற பெயரில் கிடைக்கும் மின்னணு இசையைக் கொண்டுவந்து, "இதைக் கேட்கச் செய்யலாமா?" என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு இங்கே விடை காண்போம்.

இது எத்தகைய இசை?

ஆங்கிலத்தில் இதனை ஆம்பியன்ட் இசை என்பர். இதில் பெரும்பாலும் பாடல் வரிகள் இரா. தாளம் இராது, அல்லது மிக மெலிதாக இருக்கும். சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகளில் எழும் நீண்ட ஒலிகள் மெல்ல மெல்ல மாறிச் செல்லும்.

இதன் வரலாற்றில் நோய்ப்படுக்கைக்கும் ஓர் இடமுண்டு. 1975இல் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விபத்தில் காயமுற்றுப் படுத்திருந்தார். தோழி ஒருவர் தந்த யாழிசைத் தட்டு மிகக் குறைந்த ஒலியில் ஓடிற்று. எழுந்து சென்று ஒலியைக் கூட்ட அவருக்கு வலுவில்லை. மழையோசையோடு கலந்து அரைகுறையாகக் கேட்ட அவ்விசை, இசையைச் சூழலின் ஒரு பகுதியாகவும் கேட்கலாம் என்ற எண்ணத்தை அவருக்குத் தந்தது. பின்னர் விமான நிலையங்களுக்கென அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2013இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரிலுள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையில், நோயாளர் அமர்ந்திருக்க ஓர் அமைதி அறையை ஒலியாலும் ஒளியாலும் அமைத்துத் தந்தார்.

நீண்டு நிற்கும் ஒலி நம் மண்ணுக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. கோயில்களில் நாதசுரத்தோடு சுருதியை மட்டும் இடைவிடாது ஒலித்த ஒத்துக்குழலை முதியோர் பலர் கேட்டிருப்பர். இன்று அதன் இடத்தில் பெரும்பாலும் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒலிக்கிறது.

இசையால் ஆவதும் ஆகாததும்

2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, 73 பரிசோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றில் பல வகை இசை பயன்படுத்தப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்போ, அதன்போதோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்தது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. ஆகவே இசை துணையே. மருந்துக்கு மாற்று அன்று. இசை கேட்கிறோம் என்பதற்காக வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ள வேண்டா.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்த முதியவர் ஒருவருக்கு, நன்மை என்றெண்ணி இத்தகைய இசையைக் காதில் பொருத்தினோம். அவருடைய விருப்பத்தை நாங்கள் கேட்கவில்லை. சில நிமிடங்களில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. கண்களில் நீர் வழிந்தது. கருவியை அகற்றியதும் அவர் கூறினார்: "என் வீட்டுக்காரி கடைசியாகப் படுத்திருந்தபோது, ராவும் பகலும் இந்த மாதிரி இசைதானுங்க ஓடிக்கிட்டிருந்துச்சு."

வேறு என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று வினவினோம். "ஒண்ணும் வேணாங்க. நீங்க பேசிக்கிட்டிருந்தா போதும்" என்றார். சிகிச்சை முடியும்வரை அவருடைய நிலக்கடலைக் கொல்லையைப் பற்றியும் பொய்த்த மழையைப் பற்றியும் பேசினோம். நாடித்துடிப்பு சீராயிற்று.

அமைதி தரும் இசை என்று உறையில் எழுதியிருப்பதால் மட்டும் அது எல்லார்க்கும் அமைதி தந்துவிடாது. கேட்பவரின் நினைவுகளும் அதனோடு சேர்ந்தே ஒலிக்கின்றன. அன்றிலிருந்து, "ஏதேனும் கேட்க விருப்பமா? எது?" என்று முதலில் வினவுகிறோம். வேண்டா என்பதும் ஒரு விடையே.

கேட்கும் முறை

1. மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவித்த பின்னர்த் தொடங்குங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கைப்பேசியையோ சொந்த இயர்போனையோ கொண்டுசெல்லலாகாது.

2. அருகிலிருப்பவர் இயல்பாகப் பேசுவது கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். வார்டில் ஒரு காதில் மட்டும் இயர்போன் இருப்பது நன்று. செவிலியர் அழைப்பது கேட்க வேண்டும்.

3. இயர்போன் கம்பி சலைன் குழாயோடு பின்னிக்கொள்ளாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இணையத்தில் நேரடியாகக் கேட்டால், இடையே விளம்பரம் உரக்க ஒலித்து நோயாளரைத் திடுக்கிடச் செய்யும். முன்னரே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்.

5. முதலில் பத்து நிமிடம் போதும். முகத்தைக் கவனியுங்கள். புருவம் நெரிந்தாலோ, கை இயர்போனை நோக்கிச் சென்றாலோ நிறுத்திவிடுங்கள். பேச இயலாதவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

6. மனக்குழப்பத்தில் உள்ளவர்க்கும், இல்லாத குரல்கள் கேட்பவர்க்கும் மருத்துவரின் ஆலோசனையின்றி இசையை வைக்க வேண்டா.

இசை கேட்கையில் கண்ணீர் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அடக்கி வைத்திருந்த துயர் சிலருக்கு அப்போது வெளிப்படும். தொடரலாமா, நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். அழுகை நாள்தோறும் நீடித்தாலோ, உறக்கமும் உணவும் குன்றினாலோ எங்களிடம் தெரிவியுங்கள்.

இரவெல்லாம் கண்விழித்து உடனிருக்கும் உங்களுக்கும் இவ்விசை உதவக்கூடும். நோயாளர் உறங்கும் வேளையில், வெளியே மர நிழலில் அமர்ந்து சிறிது நேரம் கேளுங்கள். அல்லது ஒன்றும் கேளாமல் வாளா இருங்கள். இரண்டும் ஓய்வே.