கையில் இருப்பதே முதல்
தருமபுரி காட்டிய குழு வழி

தருமபுரி மாவட்டத்தில் பெரும்பகுதி மானாவாரி நிலம். கேழ்வராகு, சாமை, சோளம், கொள்ளு, துவரை ஆகியவை மழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்தால் கூலி வேலையும் குறைகிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தாலோ, பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வந்தாலோ வட்டிக் கடனைத் தேட வேண்டியிருக்கிறது. சிலர் பிஞ்சிலேயே புளிய மரத்தைப் பேசி முன்பணம் வாங்கிவிடுகின்றனர். தை பிறந்து காய் பழுக்கும்போது மரம் அவர்களுடையது, பலன் வேறொருவருடையது.

இத்தகைய குடும்பங்களுக்கு 'ஒன்றும் இல்லை' என்று சொல்வது சரியல்ல. உழைப்பு, ஆடு மாடு வளர்க்கும் அனுபவம், விதை பார்த்து எடுக்கும் அறிவு, கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் நம்பிக்கை எல்லாம் அவர்களிடம் உண்டு. இவை தனித்தனியே இருக்கும்போது பேரம் பேச வலுவில்லை. ஒன்று சேர்ந்தால் அவையே முதலாகும்.

தருமபுரியில் தொடக்கம்

இதை முதலில் தமிழகத்துக்குக் காட்டியது தருமபுரிதான். 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 செப்டம்பரில் இம்மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அப்போது தருமபுரியிலேயே இருந்தது. 2004இல்தான் அது பிரிந்தது. கடன் வழங்கும் பொறுப்பை இந்தியன் வங்கி ஏற்றது. குழுக்களை உருவாக்குவதில் தொண்டு நிறுவனங்கள் துணை நின்றன. பின்னர் சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் மைராடா நிறுவனம் 1980களின் நடுவிலேயே இத்தகைய சிறு குழுக்களை வளர்த்து வந்தது. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பிணை கொடுக்கச் சொத்து இல்லாதவர்களுக்கும் வங்கிக் கதவு திறக்கும் என்பது இதன்பின் நாடறிந்த செய்தியாயிற்று.

குழு அமைப்பது எப்படி?

ஒரே தெருவில் அல்லது அருகருகே வசிக்கும், ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள 12 முதல் 20 பெண்கள் சேர்வது நல்லது. ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஐந்து ஒழுங்குகளைத் தவறாது கடைப்பிடிக்க வேண்டும்.

1. குறித்த நாளில் கூட்டம்.
2. தவறாத சேமிப்பு.
3. சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கு உள்கடன்.
4. காலத்தில் திருப்பிச் செலுத்துதல்.
5. கணக்குகளை அன்றன்றே எழுதுதல்.

20 பேர் வாரம் 10 ரூபாய் சேமித்தால் 52 வாரங்களில் 10,400 ரூபாய் சேரும். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இதன் பலன் வட்டியில் தெரியும். ஐந்து வட்டிக்கு வெளியில் 2,000 ரூபாய் வாங்கினால், அசல் அப்படியே நிற்க, ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 1,200 ரூபாய். குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் 480 ரூபாய். அந்த 480 ரூபாயும் ஊரை விட்டுப் போவதில்லை. குழுவின் பொது நிதியில் சேர்ந்து அடுத்தவருக்குக் கடனாகிறது.

ஆறு மாதங்கள் ஒழுங்காக நடந்த குழுவை வங்கி தரம் பார்த்துக் கடன் வழங்கும். குழுக்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

முதலில் கணக்கெடுப்பு

கடன் வாங்குமுன் என்ன தொழில் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். 'பக்கத்து ஊரில் கறவை மாடு வாங்கினார்கள், நாமும் வாங்குவோம்' என்பது சரியான வழியல்ல. தீவனமும் தண்ணீரும் இல்லாத இடத்தில் மாடு கடனை அடைக்காது. மேலும் கடனைக் கூட்டும்.

கூட்டத்தில் தரையில் கோலமாவால் ஊரின் படத்தை வரையலாம். வீடு, கிணறு, புளிய மரம், மேய்ச்சல் நிலம், சந்தைக்குப் போகும் வழி ஆகியவற்றைக் குறிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புளியங்கொட்டை வைத்துத் தமக்குத் தெரிந்ததைக் காட்டலாம். யாருக்கு என்ன வேலை தெரியும், எந்த மாதத்தில் கையில் பணம் இராது, எந்தப் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்ற மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். தொழில் அந்தப் பதிலிலிருந்தே கிடைக்கும்.

புளி ஓர் எடுத்துக்காட்டு

தை முதல் பங்குனி வரை புளி அறுவடைக் காலம். ஓடுடன் கூடிய 100 கிலோ பழத்தில் சதை ஏறக்குறைய 55 கிலோ, கொட்டை 34 கிலோ, ஓடும் நாரும் 11 கிலோ இருக்கும். ஓட்டோடு விற்பவருக்குச் சதையின் விலை கிடைப்பதில்லை. ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை எடுக்கும் கைவேலை இவ்வட்டாரப் பெண்களுக்குப் பழகியதே. அதைப் பிறருக்குக் கூலிக்குச் செய்யாமல் தமக்கே செய்துகொண்டால் கூலியும் இலாபமும் வீட்டிலேயே தங்கும்.

குழு இதில் மூன்று வகையில் உதவும். மரம் வைத்திருக்கும் உறுப்பினருக்கு ஆவணி, புரட்டாசியில் உள்கடன் கொடுத்தால் அவர் பிஞ்சிலேயே மரத்தைப் பேசிவிட வேண்டியதில்லை. அனைவரின் புளியையும் ஒன்றாகச் சேர்த்து, தரம் பிரித்து, ஒரே எடையில் விற்கலாம். வரத்து மிகுந்த நாளில் விற்காமல் சில மாதம் வைத்திருந்தும் விற்கலாம். சேமிக்குமுன் நன்றாக வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமும் வெப்பமும் புளியைக் கருக்கச் செய்யும். நிறம் மாறினால் விலை குறையும். கொட்டையை வீணாக்கக் கூடாது. அதன் மாவு நெசவுக் கஞ்சிக்குப் பயன்படுவதால் அதற்கும் வாங்குவோர் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

குழு கெடுவது பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்துதான். தலைவியே ஆண்டுக்கணக்கில் பொறுப்பில் இருப்பதும், வங்கிக்குப் போகிறவர் ஒருவராகவே இருப்பதும் ஆபத்து. பொறுப்புகளை முறை வைத்து மாற்ற வேண்டும். கடன் தொகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது எளிது. தேவைக்கேற்பக் கொடுப்பதே முறை. பெண்ணின் பெயரில் வாங்கி வேறொருவர் செலவழித்தாலும் தவணை அவர் தலையில்தான் விழும். குழுக் கடனை அடைக்க வெளி நிறுவனத்தில் வாரத் தவணைக் கடன் வாங்குவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது.

தவணை தவறியவரை உடனே ஒதுக்கிவிடவும் கூடாது. காரணம் கேட்க வேண்டும். மழை இல்லையா, மாடு இறந்ததா, உடல்நலம் கெட்டதா என்று அறிந்து, கூட்டத்தில் பேசி, கால நீட்டிப்பைத் தீர்மானமாக எழுத வேண்டும். சலுகை எல்லோருக்கும் தெரிந்து கொடுக்கப்பட்டால் அது குழுவைக் கெடுக்காது. மிகவும் ஏழையான பெண் விலகிப் போகும்படி நடக்கும் குழு, கணக்கில் இலாபம் காட்டினாலும் அமைத்த நோக்கத்தை இழந்ததாகும்.

குழு அமைக்க விரும்புவோர் தத்தம் ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்பையோ வட்டார வளர்ச்சி அலுவலகத்தையோ அணுகலாம். பயிர், பதப்படுத்தும் தொழில் குறித்த ஆலோசனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தைத் தொடர்பு கொள்ளலாம். இந்த ஆடியிலேயே சேமிப்பைத் தொடங்கும் குழுவுக்கு, தை மாதப் புளி கைக்கு வருமுன் ஆறு மாதக் கணக்கு முடிந்திருக்கும்.