பில் போட போன் நம்பர் எதற்கு?

தீபாவளி நேரத்தில் புதுச்சேரி நேரு வீதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் அம்மா ஒரு கடையில் புடவை எடுத்தார். பில் போடும் பையன் கேட்டான்: "போன் நம்பர் சொல்லுங்கம்மா." அம்மா சொன்னார். அடுத்து ஒரு கூப்பனை நீட்டினான். பெயர், முகவரி, பிறந்த தேதி, திருமண நாள். அம்மா எல்லாவற்றையும் அழகாக எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு போன். பேசியவன் அம்மாவின் பெயர், எங்கள் தெரு, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். "உங்களுக்கு ஃப்ரிட்ஜ் பரிசு விழுந்திருக்கிறது. வரி மட்டும் 4,800 ரூபாய் அனுப்புங்கள்" என்றான். அம்மா பணம் அனுப்பத் தயாராகிவிட்டார். யுபிஐ பின் நம்பர் மறந்துபோனதால் என்னைக் கூப்பிட்டார். அந்த மறதிதான் 4,800 ரூபாயைக் காப்பாற்றியது.

அந்த விவரம் புடவைக் கடையிலிருந்துதான் போனதா, வேறு எங்கிருந்தாவது போனதா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. சிக்கலே அதுதான். நாம் கொடுத்த நம்பர் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நம்மால் எண்ண முடியாது. கொடுப்பதற்கு முன்புதான் யோசிக்க முடியும். கடைகளில் நம் சொந்த விவரங்களை எப்படிக் காப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி

உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் அதைத் திறங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: போன் நம்பர், தேதி, கடை, வாங்கிய பொருள்.

இனி மூன்று கடைகளின் பில்களை நீங்களே கற்பனையாக நிரப்புங்கள். ஒன்று மருந்துக் கடை, ஒன்று துணிக்கடை, ஒன்று வீட்டு உபயோகப் பொருள் கடை. கடைக்கு நான்கு வரிகள் வீதம் மொத்தம் பன்னிரண்டு வரிகள். போன் நம்பர் கட்டத்தில் உண்மையான எண்களைப் போட வேண்டாம். 1111, 2222, 3333, 4444 என்று நான்கு வாடிக்கையாளர்களை வைத்துக்கொள்ளுங்கள். 2222 மருந்துக் கடையில் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார்; துணிக்கடையில் ஆறாம் வகுப்புச் சீருடை எடுக்கிறார்; மூன்றாவது கடையில் தவணைக்கு இன்வெர்ட்டர் வாங்குகிறார்.

இப்போது எல்லா வரிகளையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் உள்ள சார்ட் வசதியில் போன் நம்பர் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். சிதறிக் கிடந்த 2222 மூன்று வரிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மூன்று வரிகளைப் படியுங்கள். இவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், பதினோரு வயதுப் பிள்ளை இருக்கிறது, தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். இதில் எதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன் நம்பரை மட்டுமே சொன்னார்.

டேட்டாபேஸ் படித்தவர்கள் இதை 'கீ' என்பார்கள். சாவி என்று பொருள். பெயர் ஊரில் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும். முகவரி மாறும். போன் நம்பர் மட்டும் ஒருவருக்கு ஒன்று. பல வருடம் மாறாது. அதனால்தான் எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

கடைக்கு என்ன லாபம்?

அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடரைப் பற்றி 2012 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் வாங்கும் பொருட்களை அந்தக் கடை சேர்த்து வைத்தது. வாசனையில்லாத லோஷன், சில சத்து மாத்திரைகள் என்று வாங்கும் பொருள் மாறும் விதத்தை வைத்தே ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாரா என்று அதன் புள்ளியியல் நிபுணர்கள் கணித்தார்கள். குழந்தைப் பொருட்களுக்கான விளம்பரத்தைச் சரியான நேரத்தில் அனுப்புவதுதான் நோக்கம்.

2013 இறுதியில் அதே டார்கெட் கடையில் திருட்டு நடந்தது. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்களும் 7 கோடி பேர் வரையிலானவர்களின் பெயர், முகவரி, போன் போன்ற விவரங்களும் பறிபோயின. நம் நாட்டிலும் 2020இல் பிக்பாஸ்கெட், 2021இல் டோமினோஸ் இந்தியா ஆகிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. நல்ல எண்ணத்தோடு சேர்த்து வைத்தாலும், சேர்ந்த இடத்தைத் தேடித் திருடன் வருவான். சேராத விவரத்தை யாராலும் திருட முடியாது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் இதைவிட எளிய விதி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

"நம்பர் இல்லாமல் பில் வராது சார்" என்று கவுன்டரில் சொல்வார்கள். நான் வேலை தொடர்பாகப் பார்த்த பில்லிங் சாஃப்ட்வேர்களில் போன் நம்பர் கட்டம் கட்டாயமா, விருப்பமா என்பது ஒரு செட்டிங் மட்டுமே. கடைக்காரர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி விதிப்படியும் பில்லில் போன் நம்பர் கட்டாயமில்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கினால் அவருடைய பெயரும் முகவரியும் பில்லில் இருக்க வேண்டும். அங்கேயும் போன் நம்பர் பேச்சு இல்லை. (நகை போன்ற பெரிய கொள்முதலில் வருமான வரி விதிப்படி பான் எண் கேட்பது வேறு விஷயம். அதைத் தரத்தான் வேண்டும்.)

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. போன் நம்பர் கொடுத்தால்தான் பொருள் தருவோம், பில் தருவோம் என்று வற்புறுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அது சொன்னது. நம்பிக்கையின் பேரில் வாடிக்கையாளர் தந்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்கு வெளியிடுவதும் அப்படிப்பட்ட நடைமுறையே என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் விஷயத்துக்கு நேராகவே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் மருந்துக் கடையில் பொருள் வாங்கி, பணம் பெற்றதற்கான ரசீதை மெசேஜில் அனுப்பச் சொல்லி நம்பரைத் தானாகவே கொடுக்கிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தோமோ அந்தக் காரியத்துக்கு என்பதே இதன் சாரம். இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

நம் ஊருக்கு இது ரொம்பத் தூரத்து விஷயம் அல்ல. புதுச்சேரியில் எத்தனையோ குடும்பங்களுக்கு பிரான்சில் உறவு உண்டு. அந்த நாட்டில் கம்ப்யூட்டரில் சேரும் சொந்த விவரங்களுக்கென்று தனிச் சட்டம் 1978 ஜனவரி 6ஆம் தேதியே வந்துவிட்டது. அதைக் கண்காணிக்க ஓர் ஆணையமும் அமைந்தது. பாரிஸிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா கடையில் நம்பர் கேட்டால், "எதுக்குப்பா?" என்று சிரித்தபடியே திருப்பிக் கேட்பார். பல இடங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே பில் வந்துவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

1. "நம்பர் வேண்டாம் தம்பி, பேப்பர் பில் போதும்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். கவுன்டரில் இருப்பவர் முதலாளி சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான்.

2. "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் அந்த மெசேஜை முழுவதும் படியுங்கள். அது உறுப்பினர் கணக்கு தொடங்கவா, விளம்பரம் அனுப்பச் சம்மதமா, வேறு எதற்காவதா என்று அதிலேயே இருக்கும். புரியாத ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

3. பரிசுக் கூப்பனில் பிறந்த தேதி எழுதாதீர்கள். வங்கிகள் போனில் நம்மை அடையாளம் காணக் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

4. உங்கள் யுபிஐ முகவரியிலேயே போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாயால் சொல்லாவிட்டாலும் பணம் கொடுக்கும்போது அது கடைக்குத் தெரியக்கூடும். பல ஆப்களில் நம்பர் இல்லாத வேறு முகவரி உருவாக்கிக்கொள்ளும் வசதி உண்டு. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் பழைய வழியே நல்லது: ரொக்கம்.

5. அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், வேறு அட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள். ஆதாரே வேண்டுமென்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. ஷாப்பிங்குக்கென்று தனி ஈமெயில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கொடுத்த ஈமெயிலைக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டாம். ஜிமெயிலில் இன்னொரு தந்திரம் உண்டு. உங்கள் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். மெயில் வழக்கம்போல உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வேறு யாராவது விளம்பரம் அனுப்பினால், எந்தக் கடைக்குக் கொடுத்தது கசிந்தது என்று பிடித்துவிடலாம். சில தளங்கள் மட்டும் கூட்டல் குறியை ஏற்காது.

2. பதிவு செய்யாமல் விருந்தினராக வாங்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை மட்டும் நிரப்புங்கள்.

3. கார்டை 'சேவ்' செய்யச் சொன்னால் என்ன ஆகும்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் இந்திய ஆன்லைன் கடைகள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதில் 'டோக்கன்' என்ற மாற்று எண்ணே சேமிக்கப்படும். அது திருடு போனாலும் வேறு கடையில் உதவாது. ஆனாலும் எப்போதாவது வாங்கும் கடையில் சேமிக்காமல் விடுவதே நல்லது.

4. பிரவுசர் செட்டிங்கில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தடுத்து வையுங்கள். ஒரு கடையில் பார்த்த மிக்சி எல்லாத் தளத்திலும் பின்தொடர்வது இதனால் குறையும். பிரைவேட் விண்டோ உங்கள் கம்ப்யூட்டரில் உலாவிய தடத்தை மட்டுமே அழிக்கும். கடைக்குக் கொடுத்த பெயரும் முகவரியும் கடையிலேயே இருக்கும்.

5. ஷாப்பிங் ஆப் உங்கள் கான்டாக்ட்ஸ் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். மிக்சி வாங்க மாமா நம்பர் எதற்கு?

6. பார்சல் அட்டைப்பெட்டியை எறிவதற்கு முன் பெயர், முகவரி, நம்பர் உள்ள லேபிளைக் கிழித்துவிடுங்கள். பத்து வினாடி வேலை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே!

கவலை வேண்டாம். விளம்பரத் தொல்லையை நிறுத்த, 'ஸ்டார்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, 0 சேர்த்து 1909 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். நீங்களே சம்மதம் கொடுத்த கடைகளின் மெசேஜ் மட்டும் தொடர்ந்து வரலாம். அதை அந்தக் கடையிலேயே சொல்லி நிறுத்துங்கள். நம்பர் கேட்டு வற்புறுத்தும் கடை பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பணம் பறிபோய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுவே வழி.

யாருக்குமே கொடுக்கக் கூடாதா என்கிறீர்களா? அப்படி இல்லை. வீட்டுக்கு டெலிவரி வேண்டுமானால் நம்பர் வேண்டும். வாரன்டி, சர்வீஸ் இரண்டுக்கும் கொடுப்பது நமக்கே நல்லது. மாதாமாதம் வாங்கும் கடையில் புள்ளிகள் சேர்ந்து நிஜமாகவே பணம் மிச்சமானால், அதுவும் உங்கள் விருப்பம். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கு? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இதனால் எனக்கு என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கொடுங்கள்.

வீட்டுப்பாடம்: மேலே செய்த பயிற்சியை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். நான் அம்மாவுக்குச் செய்து காட்டினேன். சார்ட் செய்ததும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சென்ற வாரம் மிஷன் வீதிக் கடையொன்றில் நம்பர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டார்: "எதுக்குப்பா?"