சிறுவயதுப் புற்றுநோயும் பிற்கால நீரிழிவும்

சிறாரின் இரத்தப் புற்றுநோய்க்கு வரையறுத்த கூட்டுச் சிகிச்சை முறை 1984 முதல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் கைக்கொள்ளப்பட்டது. உயிர் பிழைப்போர் தொகை பெருகியது. சிகிச்சை முடித்தவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே டாடா மருத்துவமனை 1991-இல் தனிப் பிரிவொன்றைத் தொடங்கியது.

குணமடைந்தவரை ஏன் கவனிக்கவேண்டும்? நோய் மூளையில் மறைந்து தங்காதிருக்கத் தலைக்குக் கதிர்வீச்சு அளிக்கப்படும். பசியை ஆளும் மூளைப் பகுதியும் வளர்ச்சிச் சுரப்பைத் தரும் பிட்யூட்டரியும் அதனால் பாதிக்கப்படலாம். தசை குறைந்து கொழுப்பு மிகும். சிறுநீரகக் கட்டிக்காக வயிற்றில் படும் கதிர்கள் கணையத்தின் இன்சுலின் அணுக்களை நலிவிக்கும். எலும்பு மச்சை மாற்றத்துக்கு முன் உடல் முழுவதும் கதிர்வீச்சு பெற்றவருக்கு உடல் பருக்காமலே நீரிழிவு வரக்கூடும். பிழைத்தோரை அவர்தம் உடன்பிறந்தாருடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு, உடற்பருமனையும் கணக்கிலெடுத்த பிறகும், நீரிழிவு வாய்ப்பு 1.8 மடங்கு எனக் கண்டது (2009).

நமது நாட்டில் எடைபார்க்கும் கருவியை மட்டும் நம்புவது தகாது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993-இல் அந்நகரைச் சுற்றிய சிற்றூர்களில் தொடங்கிய ஆய்வு இதை விளக்கும். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையில் மெலிந்த அக்குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. எனவே இடுப்புச் சுற்றளவே நமக்கு நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கை எல்லை. செலவு ஓர் அளவு நாடா மட்டுமே.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. அரசின் தொற்றா நோய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. பத்து வயதில் மும்பையில் வயிற்றுக் கதிர்வீச்சு பெற்ற ஒருவர், 24 வயதில் புனேயின் கராடியில் கணினி நிறுவனமொன்றில் நாள் முழுதும் அமர்ந்து பணியாற்றுவதாகக் கொள்வோம். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் வெறும்வயிற்றுச் சர்க்கரைச் சோதனை அவருக்குத் தேவை; வயது வரம்போ அவரை விலக்கிவிடுகிறது. அவர் பெற்ற சிகிச்சையை உள்ளூர் மருத்துவரும் அறியார். பல வேளைகளில் அவரே முழுதும் அறியார், விவரம் அறிந்த பெற்றோர் ஊரில் இருப்பர்.

சிகிச்சை முடியும் நாளில் மருந்துகள், மொத்த அளவு, கதிர்பட்ட உறுப்பு, கதிரின் அளவு ஆகியவற்றைக் குறித்த அட்டையொன்றைக் குடும்பத்தாரிடம் அளித்தல் வேண்டும். அவ்வட்டை வைத்திருப்போருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் 30 வயது வரம்பைத் தளர்த்தலாம். அதற்கென்று புதிய கருவியோ கட்டடமோ வேண்டியதில்லை.