கட்டங்களின் மேல் ஒரு நேர்கோடு

கணக்குப் பாடத்தில் வரைபடம் போடும்பொழுது நாம் அளவுகோலை வைத்துப் பென்சிலை ஓட்டுகிறோம், கோடு விழுந்துவிடுகிறது. கணிப்பொறியின் திரையில் அவ்வளவு எளிதாகக் கோடு விழுவதில்லை. திரை முழுவதும் சின்னஞ்சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் பிக்சல் என்று பெயர். ஒரு பிக்சலுக்கு ஒரு சமயத்தில் ஒரே நிறந்தான். பாதி கறுப்பாகவும் மறுபாதி வெள்ளையாகவும் இருக்க அதற்கு வழியில்லை. அப்படியானால் சாய்ந்த கோட்டை எவ்வாறு வரைவது?

நமது கிராப் நோட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் தொடங்கி, வலப்புறம் 10 கட்டமும் மேலே 4 கட்டமும் தள்ளியுள்ள இடத்திற்குக் கோடு செல்ல வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் 0.4 கட்டம் உயர வேண்டும் அன்றோ? பின்னங்களோடு மல்லுக்கட்டுவது அக்காலக் கணிப்பொறிகளுக்குப் பெருஞ்சுமை. 1962-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் என்பவர், காகிதத்தில் பேனாவால் படம் வரையும் ஒரு பொறிக்காக, முழு எண்களே போதும் என்னும் வழியைக் கண்டார். அதன் சாரத்தைச் செய்தே பார்த்துவிடலாம்.

வலப்புறம் ஓர் அடி வைக்கும்பொழுதெல்லாம் கையிருப்பில் 4-ஐக் கூட்டுவோம். கையிருப்பு 5-ஐத் தாண்டினால் மேலே ஒரு கட்டம் ஏறி, 10-ஐக் கழித்துவிடுவோம். முதல் அடியில் 4, ஏற்றமில்லை. இரண்டாம் அடியில் 8. ஏறுகிறோம், கையிருப்பு −2. அடுத்து 2. அதற்கடுத்து 6, மறுபடி ஏற்றம், கையிருப்பு −4. இவ்வாறே சென்றால் பத்தாம் அடியில் நான்கு கட்டம் உயர்ந்து, கையிருப்பு 0 ஆகி நிற்போம். கூட்டல், கழித்தல், எது பெரிது என்று பார்ப்பது, அவ்வளவே! இத்தனை சிக்கனமான கணக்கை நாம் அதிகம் கண்டதில்லை.

ஆயினும் நிரப்பிய கட்டங்களை நோக்கினால் கோடு மாடிப்படியாகத் தெரியும். இதைத் தணிக்கும் முறைக்கு ஆன்ட்டி-ஏலியாசிங் என்று பெயர். கோடு ஒரு கட்டத்தில் எவ்வளவு பங்கை மூடுகிறதோ அவ்வளவே கறுப்பு. கால் பங்கு மூடினால் வெளிர் சாம்பல். முக்கால் பங்கு எனில் அடர் சாம்பல். கண் இவற்றைச் சேர்த்து வழவழப்பான கோடாகக் கண்டுகொள்கிறது.

ஆனால் சாய்ந்த கோட்டுக்கு நன்மை செய்யும் இம்முறை நிமிர்ந்த கோட்டைக் கெடுத்துவிடுகிறது. ஒரு பிக்சல் பருமனுள்ள செங்குத்துக் கோடு, இரு கட்டங்களின் எல்லையில் நடுவாக விழுகிறது என்று கொள்வோம். இப்புறம் பாதி, அப்புறம் பாதி. மெல்லிய கறுப்புக் கோட்டுக்குப் பதிலாக இருமடங்கு அகலத்தில் மங்கிய பட்டை! அரைக் கட்டம் நகர்த்தினால் போதும். கோடு ஒரே கட்டத்துள் அடங்கிப் பளிச்சென்று தெரியும்.

அப்படியானால் எல்லாக் கோடுகளையும் நகர்த்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஜான் ஹன்ட்டர் என்னும் நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்வதற்கென உருவாக்கத் தொடங்கிய வரைபட மென்பொருள் மேட்பிளாட்லிப், 2003-இல் வெளிவந்தது. பத்து வினாடி அலையை 1000 பிக்சல் அகலத்தில் வரைந்தால், அரைப் பிக்சல் என்பது ஒரு வினாடியில் 200-இல் ஒரு பங்கு. அலையின் ஒவ்வொரு புள்ளியையும் கட்டத்திற்கு இழுத்தால் மெல்ல ஏறும் இடம் தட்டையாகி, பின் திடீரெனத் துள்ளும். மூளையில் நிகழாத துள்ளல் அது! ஆகவே அம்மென்பொருள் வழக்கமாக, கிடைமட்டமும் செங்குத்துமான துண்டுகளால் மட்டுமே ஆன கோடுகளைக் கட்டத்திற்கு இழுக்கிறது. சாய்வும் வளைவும் உள்ளவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, சாம்பல் பூசி வழவழப்பாக்குகிறது. சரியான பாகுபாடு என்றே நமக்குப் படுகிறது.

நேர்கோடுகளை இழுப்பதிலும் சிறு விலை உண்டு. 10.4 பிக்சல் இடைவெளியில் வரவேண்டிய துணைக்கோடுகள் 10, 21, 31, 42, 52 ஆகிய இடங்களில் போய் நிற்கும். இடைவெளிகள் 11, 10, 11, 10 என மாறி மாறி வரும்.

கணிப்பொறியில் மேட்பிளாட்லிப் வரைந்த படம் கிடைத்தால், அதைப் பன்மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். அச்சுக்கோடு ஏறக்குறைய வெட்டினாற்போல் நிற்கும். வளைகோட்டின் இருமருங்கிலும் சாம்பல் கட்டங்கள் படர்ந்திருக்கும்.